சீல் உடையாத பெட்டியை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் பாத்திரங்களின் உருவப்பொம்மைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள், விலை ஏறும்" என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போடும் இளைஞர்களும் அவர்களுக்கு வாங்கித் தரும் பெற்றோரும் இந்த ஒரு வரியை நம்பி ஏமாறுகிறார்கள். உரசிப் பார்க்காமல் யாரும் நகை வாங்குவதில்லை. பொம்மைக்கும் உரைகல் உண்டு.

முதலில் முகம். ஜப்பானின் குட் ஸ்மைல் நிறுவனம் வெளியிடும் நெண்டோராய்டு பொம்மைகள் சுமார் 10 சென்டிமீட்டர் உயரம், பெரிய தலை, சின்ன உடல். 'லெஜண்ட் ஆஃப் செல்டா' விளையாட்டின் நாயகன் லிங்க் இந்த வரிசையில் பல பதிப்புகளில் வந்திருக்கிறான். அசலில் கண்கள் அச்சிடப்பட்டவை; கருவிழியின் விளிம்பு கூர்மையாக இருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளைப் புள்ளிகூடப் பிசகாது. டூப்ளிகேட்டில் அதே விளிம்பு கசிந்திருக்கும். தோலில் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு இருக்கும். தலைமுடியின் நிறம் நெற்றியில் வழிந்திருக்கும். முடிநுனிகள் மொட்டையாக இருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. போலி செய்பவர்கள் பெரும்பாலும் அசல் பொம்மையிலிருந்தே அச்சு எடுக்கிறார்கள். அப்படி வார்க்கும்போது நுணுக்கம் மழுங்குகிறது, அளவும் சற்றுச் சுருங்குகிறது. விளைவு மூட்டுகளில் தெரியும். கழுத்து முளை தளர்ந்து தலை ஒரு பக்கம் சாயும். அல்லது துளை இறுகி, கையைச் செருகும்போது முளை உள்ளேயே ஒடிந்துவிடும். நேரில் வாங்கினால் கழலக்கூடிய முன்முடியை எடுத்து, முகத்தட்டை (முகம் அச்சிட்ட தனித் துண்டை) ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். 'மேட் இன் சைனா' என்று எழுதியிருந்தால் போலி என்பது தவறான எண்ணம். அசலும் பெரும்பாலும் அங்கேதான் தயாராகிறது. பெட்டியில் பார்க்க வேண்டியது விளையாட்டின் உரிமையாளரைக் குறிப்பிடும் பதிப்புரிமை வாசகமும் அச்சின் தெளிவும்தான்.

கேம் இயந்திரம் படிக்கும் சிப் பதித்த, நிண்டெண்டோ நிறுவனத்தின் அமீபோ பொம்மைகளின் கதை வேறு. 2014 நவம்பரில் அமெரிக்காவில் 12.99 டாலருக்கு வந்தவை இவை. அடித்தட்டில் என்டிஏஜி215 என்ற சிப் இருக்கிறது, மொத்தக் கொள்ளளவு 540 பைட். கேம் இயந்திரம் அதைப் படிப்பதாலேயே பொம்மை அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே வகைச் சிப்பில் தகவலை நகலெடுத்து விற்கிறார்கள். வண்ணப்பூச்சையும் வார்ப்பையும் பார்த்தே ஆக வேண்டும். அதே சமயம், அசலில் உள்ள குறையைப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டு வரிசையில் வந்த லிங்க் அமீபோவின் காலோடு ஒட்டி நிற்கும் மஞ்சள் நிறத் தாங்கி கண்ணை உறுத்தத்தான் செய்யும், ஆனால் நிறுவனம் தயாரித்ததே அப்படித்தான்.

விலை விஷயத்திலும் அமீபோ நல்ல பாடம். முதல் தொகுப்பில் மார்த், வில்லேஜர், வீ ஃபிட் டிரெய்னர் என்ற மூன்று பாத்திரங்களின் பொம்மைகளும் கடைகளில் கிடைக்காமல் போய், கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போயின. பிறகு நிறுவனம் மறுபடியும் தயாரித்து அனுப்பியதும் விலை இறங்கியது. நெண்டோராய்டுகளுக்கும் மறுவெளியீடு வருவது வழக்கம். எனவே "ரேர்" என்று விற்பவர் சொன்னால், மறுவெளியீடு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையும் விற்று முடிந்த விலையும் ஒன்றல்ல. ஈபே தளத்தில் 'விற்றவை' என்று வடிகட்டி, கடைசியாக முடிந்த பத்து விற்பனைகளின் நடுவில் உள்ள தொகையைக் கணக்கில் எடுங்கள். அதற்குமேல் இறக்குமதி வரியும் தபால் செலவும் இருக்கின்றன.

இனி அந்த சீல் பிரச்சினை. பொம்மைகளில் பெரும்பாலானவை பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்க்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல வெளியே கசியும். மூடிய பெட்டிக்குள் அது ஆவியாகிப் போக வழியில்லாமல் மேற்பரப்பிலேயே பிசுபிசுப்பாகத் தங்கும். சென்னை வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில் ஐந்து வருடம் வைத்த "சீல் உடையாத" பொம்மையைத் திறந்தால் தூசி ஒட்டும் பிசினோடுதான் பெரும்பாலும் வரும். ஒற்றைக் காலில் நிற்பவை கணுக்காலில் வளைந்திருக்கும். கறுப்பு உடை வெளிர் தோலில் சாயம் இறக்கியிருக்கும். இடையில் வைத்துத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

பிசுபிசுப்புக்கு வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், வண்ணத்தைக் கரைத்துவிடும். வளைந்த காலை 70 டிகிரி அளவு சூடான நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் விடுங்கள். ரெசின் சிலைகளுக்கு இது ஆகாது. அவை வளையாது, உடையும். உடைந்ததை ஒட்டிய இடம் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் பெரும்பாலும் தனி நிறமாகத் தெரியும்.

பெட்டிக்குத் தனி மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. 2014இல், ஒரு கையில் மட்டும் பீரங்கி இருக்க வேண்டிய சாமுஸ் என்ற பாத்திரத்தின் அமீபோ ஒன்று, இரண்டு கைகளிலும் பீரங்கியோடு தவறாக வார்க்கப்பட்டு 2,500 டாலருக்கு விற்றது. அத்தகைய பிழையைப் பசை வைத்து யாரும் உருவாக்கலாம் என்பதால் அங்கே சீல்தான் சாட்சி. ஜப்பானின் அமியாமி கடை பழைய பொம்மைகளுக்குப் பொம்மைக்கு ஒரு தரம், பெட்டிக்கு ஒரு தரம் என்று பிரித்து எழுதுகிறது. பெட்டி பி தரம், பொம்மை அதைவிட மேலான ஏ தரம் என்றால் வாங்கி அலமாரியில் வைப்பவருக்கு அது லாபம்.

நம் ஊரில் விற்பவர்களும் இந்த முறைக்கு வர வேண்டும். முகம், முதுகு, மூட்டுகள், தாங்கியின் அடிப்பாகம், பெட்டியின் பதிப்புரிமை வாசகம் என ஐந்து படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடட்டும். கேட்டும் தர மறுத்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை