எல்லாரும் பழுக்கும் நாளில் நாமும் பழுப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உங்கள் நாளிதழைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கடை விளம்பரம். சேலை, நகை, பலகாரம், பூசைச் சாமான். தைப்பூசம் கழிந்தபின் பார்த்தால் அந்தக் கடைகளில் பலவற்றின் பெயர்கூடக் கண்ணில் படுவதில்லை. சிறு கடைகளுக்கு விளம்பர ஆலோசனை சொல்வதே என் பிழைப்பு. அதனால் இதைப் பற்றி எழுத எனக்குக் கடமை இருப்பதாக நினைக்கிறேன்.

என்னிடம் வருபவர்கள் தையற்கடைக்காரர்கள், பூக்கடைக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள், வீவக அடுக்குமாடி வீட்டு அடுக்களையிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் பெண்கள். விளம்பரத்துக்கென்று இவர்களால் ஒதுக்க முடிவது சிறு தொகைதான். அதில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களிலேயே கரைந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “எல்லாரும் போடுறாங்க, நாம போடாட்டி நம்மள மறந்துருவாங்கம்மா.”

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் யாருடைய குரல் கேட்கும்? இந்தக் கேள்விக்கு நான் காட்டில்தான் விடை கண்டேன். விடுமுறைக் காலைகளில் நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் நடப்பது என் வழக்கம். தொழிலுக்கு வேண்டிய யோசனைகளில் பாதி எனக்கு அங்கேதான் பிறக்கிறது.

புக்கிட் தீமாவில் செராயா மரங்கள் உண்டு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மலாயாக் காடுகளில் இந்த இனத்து மரங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பல ஆண்டுகள் பூக்காமலே இருக்கும். பிறகு, ஒழுங்கான இடைவெளி எதுவும் இல்லாமல், ஏதோ ஓர் ஆண்டில் காடு முழுக்க ஒன்றாகப் பூத்து, ஒன்றாகக் காய்த்து, இறக்கை வைத்த காய்களைச் சுழலவிட்டுக் கொட்டித் தீர்க்கும். அறிஞர்கள் இதற்குச் சொல்லும் முக்கியக் காரணத்தை முதன்முதலில் வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தனை மரங்களும் ஒரே சமயத்தில் காய்த்தால், விதை தின்னும் வண்டும் அணிலும் காட்டுப்பன்றியும் எவ்வளவு தின்றாலும் தீராது. தின்றது போக மிஞ்சிய விதை முளைக்கும். அதாவது, செராயா ஊரோடு சேர்ந்து காய்ப்பதே கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளத்தான். யார் கண்ணிலும் தனியாகப் பட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் தேவை.

தீபாவளி வாரத்தில் முழுப்பக்க விளம்பரங்களுக்கு நடுவே தன் சின்னக் கட்டத்தைப் போடும் கடைக்காரருக்கும் அதுதான் நடக்கிறது. காசு கொடுத்து மறைந்துகொள்கிறார். செராயா நூறாண்டுக்கு மேல் நிற்கக்கூடிய மரம். அதனால் காத்திருக்க முடியும். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கடை வைத்திருப்பவருக்கு வாடகை மாதா மாதம் வந்து நிற்கிறதே!

அதே காட்டில் வேறொரு வழியும் இருக்கிறது. அது அத்தி இனத்தின் வழி. ஆலும் அரசும் அந்தக் குடும்பம்தான், நமக்குப் புதிதல்ல. அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன. கடுகை விடச் சிறிய குளவி ஒன்று உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும். பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி வகைக்கும் அதற்கென்றே ஒரு குளவி உண்டு. அந்தக் குளவியின் வாழ்நாளோ ஓரிரு நாள். ஆகவே ஒரு வகையின் மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்த்துவிட்டு ஓய்ந்தால் குளவி அழியும், குளவி அழிந்தால் மரமும் அழியும். இதனால் இந்த மரம் ஒரு மாதம் காய்த்தால், சற்றுத் தள்ளி நிற்கும் மரம் வேறொரு மாதம் காய்க்கிறது. ஆண்டின் எந்த நாளிலும் காட்டில் எங்கேயாவது ஓர் அத்தி பழுத்திருக்கும்.

அதனால்தான் பறவைகள் அத்தியை மறப்பதில்லை. இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் இல்லாமல் போன பறவை அது. 1994ல் புலாவ் உபினில் மறுபடியும் கண்ணில் பட்டது. தேசியப் பூங்காக் கழகமும் ஆய்வாளர்களும் கூட்டுப் பெட்டிகள் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அடுக்குமாடி வீட்டுப் பக்கமே வந்து உட்காருகிறது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவைதான் நாள்தோறும் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பழக்காலம் வரட்டும் என்று அதனால் காத்திருக்க முடியாது. இன்றைக்கு எந்த மரத்தில் பழம் உண்டு என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தின்ற பழத்தின் விதையைத் தொலைவில் போட்டு, அந்த மரத்தின் இனத்தைப் பரப்புவதும் அதே பறவைதான். விளம்பரத் தொழிலில் இருக்கும் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

நம் கடைகளுக்கும் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வெள்ளிதோறும் பூ வேண்டும், வாரந்தோறும் கறிவேப்பிலை வேண்டும், மாதந்தோறும் மசாலா அரைக்க வேண்டும். இவர்களைத்தான் நாம் பெரிதும் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். வாரம் தவறாமல் வரும் அம்மாவின் பெயர் பல கடைகளில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு மட்டும் வருகிற முகம் தெரியாதவருக்கோ 20 விழுக்காடு தள்ளுபடி!

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் தையற்கடை நடத்தும் அக்கா ஒருவரிடம், அவர் தீபாவளி விளம்பரத்துக்கு வைத்திருந்த பணத்தைப் பிப்ரவரி வரை தொடாதீர்கள் என்றேன். அந்தச் சமயம் என்மேல் அவருக்குக் கோபம்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தத் தையற்காரரும் புதுத் துணி வாங்கிக்கொள்வதில்லை, கையில் இருப்பதைத் தைத்து முடிக்கவே நேரம் போதாது. அவரும் அப்படித்தான், வருபவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பத்தான் அந்த விளம்பரமா? பிப்ரவரியில் பழைய வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்புக்கு ஒரே ஒரு வரி அனுப்பினோம்: “தீபாவளிக்கு எடுத்த சேலைக்கு இன்னும் ரவிக்கை தைக்கவில்லையா?” எத்தனை வீட்டு அலமாரியில் அப்படிச் சேலைகள் மடித்தபடி கிடந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. வந்தவர்களை உட்காரவைத்து, அவசரமில்லாமல் அளவெடுத்து, அந்த அளவைக் குறித்தும் வைத்துக்கொண்டார். அடுத்த தீபாவளிக்கு அவர்களே முந்திக்கொண்டு வந்தார்கள்.

முறுக்குச் சுடும் ஒரு தங்கைக்கு வேறு வழி. கட்டாயத் தேசிய சேவையில் இருக்கும் பிள்ளைகள் வார இறுதி முடிந்து ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும்போது பையில் எதையாவது வைத்து அனுப்பாத அம்மா உண்டா? சனிக்கிழமைதோறும் சிறு பொட்டலமாகக் கொடுங்கள் என்றேன். இந்த அம்மாக்களுக்குப் பண்டிகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தீபாவளியில்தானே வியாபாரம், அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. சரக்கைக் கூட்டுங்கள், ஆளைக் கூட்டுங்கள், கடை வாசலை அலங்கரியுங்கள். அந்த வாரங்களில் கூட்டம் தானாகவே லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. அகல்விளக்குபோல அந்தப் பண்டிகைக்கென்றே விற்கும் பொருளை வைத்திருப்பவர் விளம்பரமும் அப்போதுதான் செய்ய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் பாதியையாவது தெரு ஓய்ந்திருக்கும் மாதங்களுக்கு எடுத்துவையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஜூன் பள்ளி விடுமுறையில் பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுகின்றன. ஆடியில் நல்ல காரியம் செய்யாதவர்கள் நகைக்கடைப் பக்கம் வருவது குறைவு. அப்போது வாடிக்கையாளரின் பெயர் சொல்லி வரும் ஒரு செய்தியை அவர் நின்று படிப்பார்.

அத்தி மரங்கள் மாதம் மாற்றிக் காய்ப்பதை ஒரு தெருவே சேர்ந்து செய்யலாம் என்பது என் நெடுநாள் ஆசை. டன்லப் ஸ்திரீட்டில் அடுத்தடுத்து இருக்கும் கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசி, பிப்ரவரி தையற்காரருக்கு, ஜூன் மளிகைக்கு, வீரமாகாளியம்மன் கோயிலில் கூட்டம் நிறையும் ஆடி வெள்ளிகள் பூக்கடைக்கு என்று பிரித்துக்கொள்ளட்டும். அந்தந்த மாதத்துக்குரிய கடையைப் பற்றி மற்ற கடைகளும் தங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லட்டும். பூ வாங்க வந்தவர் பக்கத்துக் கடையில் பருப்பும் வாங்கித்தான் போவார். ஒரே நாளில் ஒரே தள்ளுபடியைப் போட்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது? லிட்டில் இந்தியா கடைக்காரர்களின் சங்கமான லிஷாவும், 1924ல் தொடங்கிய நம் இந்திய வர்த்தகத் தொழிற்சபையும் பண்டிகை ஒளியூட்டுக்கும் சந்தைக்கும் எடுக்கும் உழைப்பு பெரிது. அதில் ஒரு பங்கை ஓய்ந்த மாதங்களுக்கும் திருப்பினால் சிறு கடைகள் மூச்சுவிடும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒரு சிறு கடையை அறிமுகப்படுத்த ஒரு சின்னப் பத்தி ஒதுக்குங்கள். விளம்பரமாக வேண்டாம், செய்தியாக. அந்தக் கடையில் என்ன கிடைக்கும், நடத்துபவர் யார், எந்த நாளில் போனால் நின்று பேச நேரம் இருக்கும் என்ற மூன்று விவரம் போதும். முதல் சில வாரங்களுக்கு வேண்டிய கடைகளின் பட்டியலைத் தர நான் தயாராக இருக்கிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்