திங்கட்கிழமைக் கூட்டத்துக்காக மலையேறலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனி படர்ந்த சிகரம் பின்னால் தெரிய, மர மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் சிரித்த முகத்தோடு வேலை பார்க்கும் படங்களை இப்போது சுற்றுலாப் பக்கங்களில் அடிக்கடி பார்க்கிறோம். வேலையையும் படிப்பையும் எங்கிருந்தும் தொடரலாம் என்றான பிறகு, விடுப்பே எடுக்காமல் நண்பர்களோடு மலைக்குப் போய்வரலாம் என்ற எண்ணம் பரவியிருப்பதில் வியப்பில்லை. நானும் அப்படிப் போய்வந்தவன்தான். போகவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் படங்களுக்குக் கீழே வரும் குறிப்புகள் இணைய வேகத்தையும் தங்குமிட வசதியையும் விரிவாகச் சொல்கின்றன. அலுவலக அட்டவணையும் மலையின் உயரமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதை மட்டும் சொல்வதில்லை. நாங்கள் தவறியது சரியாக அந்த இடத்தில்தான்.

நாங்கள் நால்வர். இருவர் அலுவலக வேலையை இணையவழியே செய்பவர்கள். ஒருவர் தொலைநிலைக் கல்வியில் முதுநிலைப் பட்டம் படிப்பவர். நான்காமவர் மட்டும் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர். இரண்டு வாரப் பயணம். ஞாயிறு காலை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலிருந்த ஊரை விட்டுப் புறப்பட்டு, மாலைக்குள் 3,400 மீட்டரில் உள்ள விடுதிக்கு வண்டியிலேயே போய்ச் சேர்ந்தோம். இடையில் இரண்டு இரவுகள் தங்கிப் போவதே நல்லது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வழியில் இருந்த தங்குமிடங்களில் இணைய இணைப்புக்கு உறுதி இல்லை. எனக்கோ திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். ஆகவே எவ்வளவு வேகமாக உயரம் ஏறுவது என்பதை எங்கள் உடல்நிலை முடிவு செய்யவில்லை, என் கூட்ட அழைப்பு முடிவு செய்தது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ளச் சிறிது உடலியல் வேண்டும். எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதமாகவே இருக்கிறது. காற்றழுத்தம்தான் குறைந்துகொண்டே போகிறது. 3,400 மீட்டரில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாட்கள் தேவை. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் வேகமாகப் போகிறவர்களுக்கு, போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மலைநோய் தலைகாட்டக்கூடும்: தலைவலி, குமட்டல், அயர்ச்சி, தலைச்சுற்றல். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு கொள்ள வேண்டும் என்பது மலை மருத்துவம் பயின்றவர்கள் தரும் பொதுவான அறிவுரை. நாங்கள் ஒரே பகலில் 2,000 மீட்டர் ஏறியிருந்தோம்.

திங்கட்கிழமை மாலை, எங்களோடு வந்த மாணவருக்குத் தலைவலி தொடங்கியது. புதன்கிழமை அவருக்கு இணையவழித் தேர்வு. நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வலி என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். இரவு சரியாகத் தூங்கவில்லை என்றார். தேர்வுப் பதற்றம் என்றோம். சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். வேலையையும் படிப்பையும் மலைக்குக் கொண்டுபோவதில் உள்ள, யாரும் எழுதாத ஆபத்து இதுவே என்பது என் கருத்து. தலைவலி, தூக்கமின்மை, பசியின்மை, சிடுசிடுப்பு ஆகிய எல்லாமே வேலைப்பளுவின் அறிகுறிகளாகவும் இருக்கலாம், மலைநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். கணினியைத் தொடாமல் விடுமுறையில் இருப்பவனுக்குத் தலை வலித்தால் உயரத்தைத் தவிரக் குறை சொல்ல வேறு பொருள் அதிகம் இல்லை. எங்களிடமோ சாக்குகள் ஏராளமாக இருந்தன. புதிய உயரத்துக்குப் போன முதல் சில நாட்களில் வரும் தலைவலியை, வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை மலைநோய் என்றே கொள்ள வேண்டும் என்ற விதியை அங்கே எங்களில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவனவற்றில் ஒன்று, தன் நிலையைத் தானே எடைபோடும் திறன். 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஜெனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் சென்றனர். ஆக்சிஜன் நிரப்பிய பைகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் இருவர் மாண்டனர். உயிர் பிழைத்த கஸ்தோன் திசாந்தியே, அந்த உயரத்தில் தனக்கு வேதனையே தெரியவில்லை, ஒருவித மகிழ்ச்சிதான் தோன்றியது என்று பின்னர் எழுதினார். எங்கள் விடுதியின் உயரம் அதில் பாதிகூட இல்லை என்பது உண்மைதான். ஆயினும், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று பாதிக்கப்பட்டவரே சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. நண்பர்களோடு போவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. நால்வரில் மூவர் தத்தம் திரைகளுக்குள் மூழ்கிக் கிடந்தால் அந்தப் பயனும் போய்விடுகிறது.

செவ்வாய் காலை நிலைமையைக் கண்டுகொண்டவர், விடுப்பில் வந்திருந்த அந்த நான்காம் நண்பர்தான். மாணவர் படியிறங்கும்போது கால் தடுமாறியதை அவர் கவனித்தார். தரையில் ஒரு நேர்கோட்டில், குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நடந்து காட்டச் சொன்னார். மாணவரால் ஐந்தாறு அடிக்கு மேல் ஒழுங்காக வைக்க முடியவில்லை. நடை தடுமாறுவது மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அசையாமல் இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்வதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்குமே தாமதமின்றிக் கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை. அப்போதும் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கீழே இணையம் இருக்குமா, தேர்வு என்ன ஆகும், எனக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறதே என்றெல்லாம் பேசினோம். இருபது நிமிடம் வீணானது. பிறகு எல்லோருமாக இறங்கினோம். 1,000 மீட்டருக்கு மேல் இறங்கியதும் மருத்துவரிடம் காட்டினோம். மாலைக்குள் மாணவர் தெளிந்துவிட்டார்.

எஞ்சிய நாட்களைக் கீழேயே கழித்தோம். அங்கே வேறொரு முரண்பாடு புலப்பட்டது. பல மலைப்பகுதிகளில் வெப்பமான மாதங்களில், காலை தெளிவாக இருந்தாலும் நண்பகலுக்குப் பிறகு மேகம் திரண்டு இடி மின்னலாக முடிவது வழக்கம். ஆகவே விடியுமுன் புறப்பட்டு, மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பார்கள் மலையேறிகள். அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் உரிய நேரமும் அந்தக் காலை நேரம்தான். காலையில் வேலையை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு ஒரு நடை போய்வரலாம் என்று திட்டம் போடுகிறவர், நாளின் மிக மோசமான பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு முகட்டில் போய் நிற்கிறார். நாங்கள் இருவரும் அலுவலகத்தில் கேட்டு வேலை நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் ஒழுங்காக நடக்க முடிந்தது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இவற்றைப் பற்றி மற்றவர்கள் நிறையவே எழுதுகிறார்கள். குளிரில் லித்தியம் பேட்டரி வேகமாக இறங்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகப் பழுதடையக்கூடும். பழைய வகை ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளில், படிக்கும் முனை ஒரு மெல்லிய காற்றுப்படலத்தின் மீது மிதப்பதால், சுமார் 3,000 மீட்டருக்கு மேல் அவற்றை இயக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் வரையறை வைத்திருக்கிறார்கள். கணினிக்கே உயர வரம்பு எழுதி வைத்திருக்கும்போது, அதைச் சுமந்து செல்பவர் தனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. விடுதியின் இணைப்பு 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக வருவதாக இருந்தால், நாம் பேசி மறுமொழி வந்து சேர அரை நொடிக்கு மேல் ஆகும். கூட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பீர்கள்.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பயணங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, அந்த இடத்தின் உயரத்தையும், அங்கே போய்ச் சேர வழியில் எத்தனை இரவுகள் தங்க வேண்டும் என்பதையும் இணைய வேகத்துக்கு முன்பாகவே அச்சிடுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் போகிறவர்கள், புதிய உயரத்தில் முதல் இரண்டு நாட்களுக்காவது நேரலைக் கூட்டமோ தேர்வோ வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் மிகவும் நல்லது. நிறுவனங்களும் கல்லூரிகளும் ‘எங்கிருந்து வேண்டுமானாலும்’ என்று அறிவிக்கும்போது, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் என்பதற்கும் ஓரளவு இடம் கொடுத்தால்தான் முதல் சொல்லுக்குப் பொருள் இருக்கும். குழுவாகப் போகிறவர்கள், குறைந்தது ஒருவராவது அந்த நாட்களில் எந்த வேலையும் இல்லாதவராக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவரைச் சும்மா வந்தவர் என்று கேலி செய்யாமலும் இருக்க வேண்டும். நாங்கள் கேலி செய்தோம்.

அந்த மாணவரின் தேர்வு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். செவ்வாய் மாலை, கீழே இறங்கிய பிறகு, தனக்கு உடல்நலம் சரியில்லை என்று துறைக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மறுதேர்வுக்கு வேறு நாள் ஒதுக்கி ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. அதை ஏன் திங்கட்கிழமையே அனுப்பவில்லை என்று கேட்டேன். தலைவலிக்கெல்லாம் தேதியை மாற்றித் தர மாட்டார்கள் என்று நினைத்தேன் என்றார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்