ஜெயித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன், அப்பா

கார்னூஸ்டி, ஸ்காட்லாந்து,
ஜூன் 3, இரவு.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதமும் டீத்தூளும் வர்க்கியும் பெரியத்தை மகன் மூலமாகப் போன வாரம் வந்து சேர்ந்தன. வர்க்கி வழியிலேயே நொறுங்கிவிட்டது. பரவாயில்லை, தூளைக்கூட விடாமல் டீயில் போட்டுச் சாப்பிட்டு முடித்தேன். "பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி இல்லை, போன் பண்ணினாலும் ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அம்மா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், நான் நன்றாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலையும் சரியாகப் போகிறது, இந்த மாதம் ஷிஃப்ட் கொஞ்சம் குறைவு, அதனால் தூங்க நேரம் கிடைக்கிறது.

இப்போது மணி ஒன்பதரை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது, விளக்குப் போடாமல்தான் எழுதுகிறேன். ஜூனில் இங்கே பத்து மணி வரைக்கும் இப்படித்தான். டிசம்பரில் மத்தியானம் மூன்றரைக்கே இருட்டிவிடும் என்று போன தடவை எழுதினேனே, அதற்கு ஈடாக இப்போது கிடைக்கிறது. காற்று மட்டும் மாறவில்லை, மே மாதம் முழுக்க இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, ஊட்டிக் குளிரில் வளர்ந்தவனுக்கு அது தேவையும் இல்லை. சில நாள் கடல்மேலிருந்து மூடுபனி எழுந்து ஊரையே மூடிவிடும். நம் ஊர்ப் பனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும், இது கடலிலிருந்து நடந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மாதிரி நாளில் வாசலில் நின்றால் கீழே நம் தேயிலைத் தோட்டம் இருப்பது போலவே இருக்கும்.

அம்மா சாப்பாடு பற்றிக் கேட்பாள். பக்கத்து ஊர் ஆர்ப்ரோத்தில் ஒரு மீன் செய்கிறார்கள். ஹேடாக் என்ற மீனை இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டிப் புகையில் தொங்கவிட்டு வேகவைக்கிறார்கள். கருவாடு மாதிரி காய்ந்தது இல்லை, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் அந்தப் புகை வாசனைக்கு ரசம் சோறு அப்படிப் பொருந்துகிறது. கறிவேப்பிலைதான் விலை அதிகம், டண்டீ போய் வாங்க வேண்டும், அதனால் இல்லாமலே சமைக்கப் பழகிக்கொண்டேன்.

அப்பா, உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருந்துவிட்டேன். போன ஆகஸ்டிலிருந்து நான் கோல்ஃப் ஆடுகிறேன்.

காசை எதில் போட்டுக் கரைக்கிறான் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் அது துரைமார் விளையாட்டு, நீங்கள் அவர்களுக்கு மட்டைப் பை தூக்கியிருக்கிறீர்கள். இங்கே குழாய் ரிப்பேர் பார்ப்பவர், பஸ் ஓட்டுபவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் ஆடுகிறார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள். 1457-ஆம் வருஷமே இந்த நாட்டுப் பாராளுமன்றம், இதை ஆடிக்கொண்டு ஜனங்கள் வில் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்று தடை போட்டதாம், அவ்வளவு பழைய பைத்தியம். எனக்கு மட்டைகள் தந்தது பக்கத்து வீட்டுத் தாத்தா. சட்னி கேட்டு வாங்கிப் போனவர் என்று எழுதியிருந்தேனே, அவர்தான். கிளப் சந்தாவையும் அவரே கட்டிவிட்டார், அதற்குப் பதிலாக நான் அவர் வீட்டுப் புல்லை வெட்டி வேலியைச் சீர் செய்கிறேன், கணக்கு நேராகிவிடும்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எண்பது வயது தாண்டிவிட்டது, தனியாகத்தான் இருக்கிறார். தினமும் சாயங்காலம் மைதானத்தை ஒட்டிய பாதையில் நடந்து, தொலைந்த பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, சமையலறைத் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவி, முட்டை அட்டையில் அடுக்கி, அட்டை மேல் தேதி எழுதி வைக்கிறார். வீடு முழுக்க முட்டை அட்டைதான். அதிகம் பேச மாட்டார். நம் ஊரில் தம்பி என்று கூப்பிடுவது மாதிரி என்னை "சன்" என்பார். அப்படி அவர் கூப்பிடுகிற நாளெல்லாம் எனக்கு ராத்திரி நல்ல தூக்கம் வருகிறது.

மூன்று ரவுண்டு ஆடி, அடிகளைக் குறித்த ஸ்கோர் அட்டையை ஒப்படைத்தால் ஹேண்டிகேப் தருவார்கள். புதிதாக ஆடுபவனுக்கு அதிகபட்சம் 54 வரைக்கும் தரலாம், எனக்கு 46 வந்தது. நன்றாக ஆடுபவனோடு என்னைப் போன்றவனும் சமமாகப் போட்டி போட, அத்தனை அடியைக் கழித்துக்கொள்கிற சலுகை அது. ஏப்ரலில் முதல் போட்டி. எல்லா அடியையும் எண்ணி, குறைவாக அடித்தவர் ஜெயிக்கிற வகை அது. 131 அடி அடித்தேன், கடைசியாக வந்தேன். அறிவிப்புப் பலகையில் பெயர் எல்லாருக்கும் கீழே இருந்தது. முதல் தடவைதானே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். மே முதல் வாரம் இன்னொரு போட்டி, பாதியில் மழை, அதிலும் கிட்டத்தட்ட கடைசி. அது கொஞ்சம் வலித்தது. ஐந்து மாதம் குளிரில் நின்று பழகியது இதற்கா என்று இருந்தது.

மூன்றாவதுதான், அப்பா. போன சனிக்கிழமை. ஸ்டேபிள்ஃபோர்டு என்று ஒரு முறை இருக்கிறது, ஒவ்வொரு குழிக்கும் புள்ளி, நம் ஹேண்டிகேப்புக்கு ஏற்ற மாதிரி ஆடினால் குழிக்கு இரண்டு, 18 குழிக்கு மொத்தம் 36. அன்றைக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை, எதை அடித்தாலும் நேராகப் போனது. 14 குழி முடிந்தபோது 29 புள்ளி. என் அட்டையை எழுதிக்கொண்டிருந்தவர் பஸ் ஓட்டுநர், அவர் அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டினார். நான் அந்த நிமிஷமே மனசுக்குள் உங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். "அப்பா, நீங்கள் பை தூக்கிய விளையாட்டில் நான் ஜெயித்துவிட்டேன்" என்று முதல் வரிகூடத் தயார்.

பதினைந்தாவதில் பந்து வலது பக்கம் முள்ளுக்குள் போய்விட்டது.

என்ன முள் தெரியுமா? ஊட்டி மைதானத்து ஓரமெல்லாம் நிற்குமே மஞ்சள் பூ முள்ளுச்செடி, அதேதான். இங்கே வின் என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இங்கிருந்துதான் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள், இங்கே அது சொந்த ஊர்ச் செடி. ஞாயிற்றுக்கிழமை பை தூக்கப் போய் அந்த முள்ளுக்குள் கைவிட்டுப் பந்து தேடிக் கீறல் வாங்கியதை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். தேட மூன்று நிமிஷம்தான் அனுமதி. உங்கள் காலத்தில் ஐந்து, 2019-இல் குறைத்துவிட்டார்கள். மே மாதத்தில் அது முழுக்கப் பூத்து நிற்கும், அந்தப் பூவுக்குத் தேங்காய் வாசனை அப்பா. வெயிலும் இருந்தது. நான் குனிந்து கையை உள்ளே விட்டேன், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற வாசனை அப்படியே வந்தது. பந்தைத் தேடுவதை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. முள் குத்தியதா என்று பஸ் ஓட்டுநர் கேட்டார், ஆமாம் என்றேன்.

பந்து கிடைக்கவில்லை. அந்தக் குழிக்குப் பூஜ்யம். பதினாறாவதில் நான் இன்னும் பதினைந்தையே நினைத்துக்கொண்டிருந்தேன், மணல்குழிக்குள் விழுந்து வெளியே வரமுடியாமல் அங்கேயும் பூஜ்யம். பதினேழும் அப்படியே. பதினெட்டில் ஒரே ஒரு புள்ளி. மொத்தம் 30. முதலில் வந்தவருக்கு 36. அந்த நான்கு குழியிலும் சாதாரணமாக இரண்டிரண்டு எடுத்திருந்தால் எனக்கு 37. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேன் என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு டீ குடிக்க உள்ளே போகாமல் வந்துவிட்டேன். அது தப்பு. கூட ஆடியவரிடம் சரியாக விடைபெறாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது, வரும் சனிக்கிழமை அவரிடம் சொல்ல வேண்டும்.

தாத்தா கொல்லைப்புறத்துக் கொட்டகையில் இருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு 1999 கதையைச் சொன்னார். இந்த ஊர்ப் பெரிய மைதானத்தில் ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி. பிரான்ஸ்காரர் வான் டி வெல்டே கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னிலையில் வந்து நிற்கிறார். ஆறு அடியில் முடித்தாலே பட்டம். ஒன்று பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்புகிறது, ஒன்று பாரி ஓடையில் விழுகிறது. மனுஷன் ஷூ, சாக்ஸ் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றே விட்டார். அப்புறம் மணல்குழி. கடைசியில் ஏழு, ஆட்டம் சமநிலை. அன்று காலையில் பத்து அடி பின்னால் இருந்த அபர்டீன்காரர் பால் லாரி கூடுதல் ஆட்டத்தில் ஜெயித்தார். இதெல்லாம் இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். தாத்தா அன்றைக்கு அந்தக் குழியருகே நின்றவர். அவர் சொன்னது வேறு. ஓடையை எல்லாரும் பேசுகிறார்கள், ஏழாவது அடியை யாரும் பேசுவதில்லை, அவ்வளவு நடந்த பிறகு கை நடுங்காமல் அந்தப் பந்தைக் குழிக்குள் போட்டாரே, அது போகாமலிருந்தால் கூடுதல் ஆட்டமே அவருக்கு இல்லை என்றார்.

அப்புறம் அவர் வைத்திருக்கும் ஒரு பழக்கத்தைச் சொன்னார். ஒரு குழி கெட்டுப்போனால் அடுத்த குழியில் மட்டையை உருவும் வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், உருவியதும் நிறுத்திவிட வேண்டும். எனக்கு அது இன்னும் கைவரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் தனியாகப் போய் நாலு குழி மட்டும் ஆடிப் பார்த்தேன், இரண்டில் முடிந்தது, இரண்டில் முடியவில்லை.

ஜெயித்த செய்தியோடு எழுதலாம் என்றுதான் இத்தனை மாதம் பேனாவை எடுக்கவில்லை, அப்பா. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது. நீங்கள் துரைகளுக்குப் பை தூக்கினீர்களே, பக்கத்தில் இருக்கிற பந்தைத் தவறவிட்டுவிட்டு எவ்வளவோ பேர் நின்றிருப்பார்கள். மட்டையை எறிந்தவர்கள் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். எறியாதவர்கள் என்ன செய்தார்கள்? அதை எனக்கு எழுதுங்கள். அப்புறம், அந்தப் பூவின் தேங்காய் வாசனை அங்கேயும் உண்டா என்றும்.

சரி, வீட்டு விஷயம். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், மழை வலுக்கும் முன்பே கோயம்புத்தூர் போய் முடித்துவிடுங்கள். பணம் இரண்டு தடவையாக அனுப்புகிறேன், முதல் பாதி இந்த மாதம் இருபது தேதி வாக்கில் வரும், மீதி அடுத்த மாதம். அதற்காகச் சித்தியிடம் கைமாற்று வாங்க வேண்டாம். மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை பற்றிப் பாப்பாவிடம் தனியாகக் கேட்டீர்களா? அவளுக்குச் சம்மதம் என்றால் ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் பண்ணிவிடலாம், கல்யாணத்தை ஆவணியில் வைக்காமல் தையில் வையுங்கள், எனக்கு லீவு அப்போதுதான் கேட்க முடியும்.

நம் வீட்டுத் தாத்தா என் பெயரில் எழுதிய கால் ஏக்கரில் சித்தப்பா பாதை கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்துவிடுங்கள் அப்பா. மழையில் இலை மூட்டையைச் சுமந்துகொண்டு சுற்றிப் போகிறார்கள், சித்திக்கும் முழங்கால் சரியில்லை. எனக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட உங்கள் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதித் தருகிறேன். எடின்பரோவில் இந்தியத் தூதரக அலுவலகம் இருக்கிறது, அடுத்த வாரம் ஷிஃப்ட் இல்லாத ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அது உங்கள் கைக்கு வந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். அதற்கு சர்வே நம்பர் சரியாக வேண்டும். பட்டா நகல் பீரோவில் நடுத்தட்டில், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குக் கீழே இருக்கும். பாப்பாவைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்