குப்பைத்தொட்டிக்குக் குறி உண்டு, கடற்புல்லுக்கு?

கடலோர வேலைகளுக்கு அனுமதி தரும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸிலிருந்து எழுதுகிறேன். கடல்நீர் நன்றாக வற்றும் நாள்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போய்க் காட்டும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. நடந்ததை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. போன மாதம் வடகிழக்குக் கரையில் வடிகால் வாயைப் பழுதுபார்க்க எக்ஸ்கவேட்டர் இறங்கியது உங்களுக்குத் தெரியும். நான் மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டதும் உங்கள் பதிவில் இருக்கும். எந்தக் கரை என்று மட்டும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாளியும் வலையுமாக ஐம்பது பேர் வந்து நிற்பார்கள்.

விடியற்காலை ஐந்தரை மணி. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது தடம்தான். கடற்புல் திட்டின் நடுவே, தலையில் வகிடு எடுத்தது போல, இரண்டு நேர்கோடுகள். கரண்டி வடிவ இலை கொண்ட புல் அது. ஓர் இலை என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தடத்துக்குள் புல் இல்லை, கலங்கிய தண்ணீர்தான் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் ஒரு ஜோடி குதிரைலாட நண்டுகள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் நண்டு பெண்ணின் முதுகைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டே கரையேறும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண் நண்டின் ஓடு பாதி நொறுங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் அதன் இரத்தம் நீலமாகிவிடும் என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஆண் பிடியை விடவில்லை.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஊழியரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. நான் காட்டியதும் குனிந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார். “இதைத் தின்னத்தானே அக்கா எங்க ஊர்ல கடல்பசு வரும்” என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. அவர் ஊர்க் கடலில்தான், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டி, 2022ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தத் தம்பிக்கு நான் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தாண்டை சுத்திப் போயிருப்பேன். பத்து நிமிஷம்தான் கூட ஆகும். எங்க பேப்பர்ல ஒண்ணும் இல்லையே அக்கா.”

அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டினார். நெகிழி உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதில் விளக்குக் கம்பங்கள் எண்ணோடு இருந்தன. கழிவறை, மிதிவண்டிப் பாதை, இறைச்சி சுடும் மேடை, ஒவ்வொரு குப்பைத்தொட்டி, எல்லாம் இருந்தன. தடுப்புச்சுவரைத் தாண்டியதும் தாள் முழுக்க ஒரே வெளிர்நீலம். அதன்மேல் ஒரே ஒரு சொல்: கடல்.

என் கோரிக்கை இதுதான். கரையோர உயிர்களின் வாழிடங்களைக் காட்டும் வரைபடத்தை அந்த வேலைத்தாளில் சேருங்கள். பொதுமக்களும் பார்க்கும்படி வையுங்கள்.

ஆய்வே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சேற்றில் இடுப்பளவு நின்று வேலை பார்த்தவர்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். 2010 முதல் 2015 வரை சிங்கப்பூர்க் கடல் முழுவதற்கும் விரிவான பல்லுயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. நம் கடலில் 12 வகைக் கடற்புல் இருப்பதும், கடற்பசு மேய்ந்த தடங்கள் உபின் தீவின் செக் ஜாவா போன்ற இடங்களில் கிடைத்ததும் எல்லாம் பதிவானவைதான். தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிய வேண்டியவர், இயந்திரத்தின் கைப்பிடியில் கை வைத்திருப்பவர், அவருக்குத்தான் வெளிர்நீலம்.

தொலைபேசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை, “அஞ்சல் குறியீடு என்ன?” என்று கேட்டார்கள். கடற்புல்லுக்கு அஞ்சல் குறியீடு கிடையாது என்றேன். சரி, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையாவது சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். இரண்டாம் முறை, கம்பத்துக்கு இந்தப் பக்கம் தங்கள் பொறுப்பு, அந்தப் பக்கம் வேறு அலுவலகம் என்றார்கள். மூன்றாம் முறை அந்த வேறு அலுவலகம், நீர் ஏறியிருக்கும்போது ஒரு பொறுப்பு, வற்றியிருக்கும்போது இன்னொரு பொறுப்பு என்கிற மாதிரி ஏதோ விளக்கியது. குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். குதிரைலாட நண்டு அடுத்த தடவை கரையேறும்போது அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன்.

மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜூன் 14 உங்களுக்கு மறந்திருக்காது. பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் எண்ணெய் நிரப்பும் கப்பலில் மோதி, ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட், லாப்ரடார், தெற்குத் தீவுகள் என்று கரை கரையாகக் கறுத்தது. அந்த மாதிரி நேரத்தில் எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதவைத் தடுப்பு எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. எந்தக் கரைக்கு முதலில்? அமெரிக்காவில் இதற்கென்றே கரைகளை 1 முதல் 10 வரை தரம் பிரித்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். அலை அடிக்கும் காங்கிரீட் சுவருக்கு 1, சதுப்புநிலக் காட்டுக்கு 10. சுவரில் ஒட்டிய எண்ணெயை அலையே கழுவிவிடும், மிச்சத்தை ஆள் வைத்துச் சுரண்டலாம். சதுப்புநிலத்தில் எண்ணெய் சேற்றுக்குள் இறங்கிவிடும். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும் வேர்களை அது பூசி மூடினால் மரம் திணறும். சுத்தம் செய்கிறேன் என்று பூட்ஸ் காலோடு இறங்கினால், எண்ணெயை இன்னும் ஆழமாக நாமே மிதித்து அனுப்புவோம். இதையெல்லாம் கப்பல் மோதிய பிறகு கூட்டம் போட்டுப் பேச முடியுமா?

வரைபடத்தை வெளியிட்டால் சங்கும் நட்சத்திர மீனும் பொறுக்க ஆள் கிளம்பிவிடுவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான கவலைதான், மேலே நானே இடத்தின் பெயரை விழுங்கிவிட்டேனே. ஆனால் கொவிட் காலத்தில், வெளிநாடு போக வழியில்லாமல், குடும்பம் குடும்பமாகச் சாங்கிக் கடற்கரைக்கு வாளியோடு வந்தார்களே, அவர்கள் கையில் எந்த வரைபடம் இருந்தது? ஒருவர் படம் எடுத்துப் போட்டார், ஊரே வந்தது. மறைத்து வைத்ததால் தப்பியது எதுவும் இல்லை. இரண்டு அடுக்காகச் செய்யலாம். இந்தக் கரை முழுதும் கடற்புல், மிதிக்காதீர்கள் என்கிற அளவுக்குப் பொதுமக்களுக்கு. ஆமை முட்டையிட்ட குழி, சிற்றாலாப் பறவை கூடு கட்டிய மணல்மேடு போன்ற நுணுக்கம் எல்லாம் வேலைக்கு இறங்குகிறவருக்கும் அவரை அனுப்புகிறவருக்கும் மட்டும்.

செக் ஜாவா எப்படிப் பிழைத்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001ல் அதை மண்போட்டு மூட இருந்தார்கள். ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கயிறு கட்டி, கட்டம் கட்டமாக என்னென்ன இருக்கிறது என்று எழுதி உங்கள் முன் வைத்தார்கள். அரசாங்கமும் அதைப் படித்துப் பார்த்து வேலையைத் தள்ளிவைத்தது. அந்தப் பெருந்தன்மையை இன்றும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். தாளில் ஏறியதால்தான் அந்த இடம் தப்பியது.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் கடல் எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டுவார். இப்போது அந்த இடங்களில் பாதியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் இருக்கின்றன. சுதந்திரம் அடைந்தபோது 580 சதுர கிலோமீட்டரளவில் இருந்த நாடு இன்றைக்கு 730ஐத் தாண்டிவிட்டது. அந்த வீடுகளில் ஒன்றில்தான் நானும் குடியிருக்கிறேன், அதனால் மண்போட்டதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கடல் என்றாலே காலி மனை என்று பார்க்கும் பழக்கம் நமக்கு அப்படித்தான் வந்தது. ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே ஏறக்குறைய 800 ஹெக்டர் பரப்பில், கடலில் மண்போட்டு உருவாக்கும் நீள்தீவு (லாங் ஐலண்ட்) வரப்போகிறது. அதே ஈஸ்ட் கோஸ்ட் மணலில்தான் அழுங்காமைகள் வந்து முட்டையிடுகின்றன. கடல்மட்டம் உயர்வதைத் தடுக்க அந்தத் தீவு தேவை என்கிறீர்கள், சரி. அங்கே இறங்கும் முதல் லாரிக்காவது வெளிர்நீலத் தாளைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அப்புறம், அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு யாரும் எனக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம். சொல்லமாட்டேன். அவருக்கோ அவர் மேற்பார்வையாளருக்கோ எச்சரிக்கைக் கடிதம் போனதாகக் கேள்விப்பட்டால் இதைவிட நீளமான மடல் ஒன்று வரும்.

அன்று விடிந்த பிறகு நானும் அவருமாக அந்தத் தாளை இயந்திரத்தின் சங்கிலிமேல் விரித்து வைத்து, என் பையில் கிடந்த பச்சைப் பேனாவால் கடற்புல் எங்கிருந்து எங்குவரை என்று குத்துமதிப்பாகத் தீட்டினோம். மறுநாளிலிருந்து அவர் சுற்றித்தான் போனார். தாளைப் படம் பிடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணல், என் கை நடுக்கம் அப்படி. அடுத்த வேலைத்தாள் அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பச்சையைச் சரியான அளவில் நீங்களே போட்டுத்தரும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீர் வற்றும் நேர அட்டவணையைக் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு தொண்டூழியர்,
பாசிர் ரிஸ்