சீருடையைக் கழற்றும் முன்பே படிப்பைப் பற்றிப் பேசுங்கள்

தமிழ்நாடு முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட உதவி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வரும் ஜவான்களின் படிப்பு, வேலை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவர்கள் நாங்கள். டிஸ்சார்ஜ் புக்கோடு உங்கள் அலுவலகத்தில் பதிவு செய்ய வருகிற நாளில்தான் பலர் முதன்முதலாக "இனி என்ன படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அது காலம் கடந்த கேள்வி. பணி முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே அதைக் கேட்க வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அதிகம் பேரைக் குழப்புவது பட்டத்துக்கு இணையானது என்று படையில் தரப்படும் சான்றிதழ். பத்தாம் வகுப்பு தேறி 15 ஆண்டு பணியாற்றியவருக்கு அது கிடைக்கிறது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டு இடத்துக்கும், வங்கி எழுத்தர் தேர்வுக்கும் அது செல்லும். தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பணிக்குச் செல்லாது. பி.எட்., எல்எல்.பி., எம்.ஏ. சேர்க்கைக்கும் செல்லாது. "டிகிரி இருக்கிறதே" என்று நம்பி, சேர்க்கை நேரத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

இதைவிட மோசமானது வரிசை மாறிய படிப்பு. பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்தவர், +2 எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடுகிறார். தமிழ்நாடு அரசுப் பணிக்கு 10, +2, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். வழக்கறிஞர் படிப்புக்கும் பார் கவுன்சில் அதையே கேட்கிறது. பட்டம் வாங்கிய பிறகு +2 எழுதிச் சேர்த்தாலும் வரிசை நேராகாது. மூன்றாண்டு உழைப்பும் கட்டணமும் வீண். பணியில் இருக்கும்போதே தேசிய திறந்தநிலைப் பள்ளியில் +2 முடித்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

வண்டி மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் வேலையில் கைதேர்ந்தவர்களுக்கு வேறு தடை. அனுபவம் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஐடிஐ சான்றிதழ் கேட்கும் பணிக்கு அந்தச் சான்றிதழே வேண்டும். ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழி இருக்கிறது. அதன் அறிவிப்பு வந்ததும் உங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டினால்கூடப் போதும், பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம், வெளியில் பலர் எதிர்பார்க்காதது: தமிழ். 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 60 வாங்காவிட்டால் பொது அறிவு, கணக்குப் பகுதி திருத்தப்படவே மாட்டாது. பதினைந்து, பதினேழு ஆண்டு இந்தியில் பேசி, இந்தியில் ஆணை கேட்டு வந்தவர் பிரித்து எழுதுக, எதிர்ச்சொல், வேர்ச்சொல் என்று வந்தால் திணறத்தான் செய்வார். பாடம் பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆறு முதல் பத்து வரையிலான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் தாண்டிவிடலாம். மாவட்டந்தோறும் மாலை வகுப்பு ஒன்று நடத்துங்கள். இதற்குப் பெரிய செலவில்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போதும்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் 24 வாரம் வரையிலான பயிற்சிகள் பணியின் கடைசி இரண்டாண்டில்தான் பயன்படும். எந்தப் பயிற்சி என்று ஊர் வந்தபின் யோசிக்க முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதற்காக ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. அதை முடித்தால் எந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்காண்டுப் பணிக்கு மட்டும் படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களையும் நினைவில் வையுங்கள். 2022இல் தொடங்கிய திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்களுக்கு நான்காண்டு முடிகிற நேரம் இது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் படையில் தொடர முடியாது. 15 ஆண்டு பணி இல்லாததால் மேலே சொன்ன சான்றிதழும் இவர்களுக்குக் கிடைக்காது. இருபதுகளிலேயே வெளியே வரும் இவர்களுக்கு உண்மையான பட்டமே வேண்டும். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் (பாட மதிப்பலகில்) பாதியைப் படைப்பயிற்சிக்கே தரும் இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழக) பட்டத்தில் சேர்ந்தார்களா, எத்தனை பாடம் பாக்கி, +2 சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று மூன்றே கேள்விகளைப் பதிவுப் படிவத்தில் சேருங்கள். பாக்கிப் பாடம் உள்ளவரை அந்த மாதமே அருகில் உள்ள இக்னோ கல்வி மையத்துக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
படைவீரர்களுக்கு விண்ணப்ப உதவி செய்வோர்