கடல் ஆய்வில் சமூக அறிவியலுக்கும் நிரந்தரப் பணியிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் சார்ந்த உயர்கல்வி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை என் ஆய்வு மாணவி அனுப்பியிருந்தாள். கடல் உயிரியல், கடலியல், மீன்வளம், கப்பல் பொறியியல் எல்லாம் இருந்தன. சமூக அறிவியல் இல்லை. "அப்போ நாம எதுல சேர்த்தி, மேடம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

நான் சமூகவியல் படித்தவள். முனைவர் பட்டத்திலிருந்தே மீன்பிடிச் சமூகங்களும் கடல் ஆளுகையும்தான் என் ஆய்வு. கடல் ஆய்வு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனால், "உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்பார்கள். சமூகவியல் துறைக்குப் போனால், "மீனுக்கு வேறு துறை இருக்கிறதே" என்பார்கள்.

வலையின் கண்ணளவு, மீன்பிடித் தடைக்காலம், யார் எங்கே போகலாம் என்ற எல்லை: கடலைக் காப்பதாகச் சொல்லி நாம் போடும் விதிகள் எல்லாமே மனிதர்களுக்கானவை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் வளம் சரிந்து, 1992இல் அதைப் பிடிக்கவே தடை வந்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். கரையோரம் சிறு படகில் போனவர்கள் 1980களிலேயே மீன் குறைகிறது என்று முறையிட்டிருந்தார்கள். மீன் இருப்பு பற்றிய அரசின் கணிப்போ பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பை வெகுவாக நம்பியிருந்தது. மிஞ்சிய மீன் எங்கே திரண்டிருந்தாலும் கருவிகளால் தேடிப்போய் அள்ளும் கப்பல்கள் அவை. கணக்கில் குறைவு எப்படித் தெரியும்?

துருக்கியின் அலன்யாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நல்ல இடம் யாருக்கு என்ற சண்டை முற்றியதும், மீனவர்களே ஒரு முறை வகுத்தார்கள். செப்டம்பரில் வலை விரிக்கும் இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவார்கள். ஒருவர் வலை அடுத்தவருக்கு வரும் மீனை மறிக்காதபடி இடைவெளி இருக்கும். சீட்டுக் குலுக்கி இடம் எடுத்தபின், ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஒரு இடம் கிழக்கே நகர்வார், அதன்பின் மேற்கே. இடம்பெயரும் மீனைப் பிடிக்க எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடைக்கும். முறை தவறி ஒருவர் வந்தால், அன்று அந்த இடத்துக்கு உரியவரே பிடித்துவிடுவார். தனிக் காவல் தேவையில்லை. இத்தகைய ஏற்பாடுகளை அலசிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். அவர் அரசியல் அறிவியலாளர்.

மக்களை விட்டுவிட்டுக் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகள் இருக்கின்றன. பூர்வீக மக்களை வெளியேற்றிய அந்தத் தீவுகளைச் சுற்றி 2010இல் பிரிட்டன் பெரும் கடல் காப்புப் பகுதியை அறிவித்தது. அத்தீவுகளுக்கு உரிமை கோரும் மொரீஷியஸ் தொடுத்த வழக்கில், அது ஐ.நா. கடல் சட்டத்துக்கு முரணானது என்று 2015இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

2030க்குள் கடலில் 30 சதவீதத்தைக் காப்பதாக 2022இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடற்பகுதிகளுக்காக 2023இல் நிறைவேறிய ஆழ்கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்த 30 சதவீதம், அதில் யாருடைய மீன்பிடி இடம் போகும், கடலின் மரபணு வளத்தால் வரும் லாபம் யாருக்கு என்ற கேள்விகளுக்கு நீர் மாதிரியைச் சோதித்துப் பதில் சொல்ல முடியாது.

ஆனால் காப்புப் பகுதியின் வரைபடம் அச்சான பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், "மக்களைச் சம்மதிக்க வையுங்கள்" என்று. அது ஆய்வாளர் வேலையே அல்ல. வேலையும் திட்ட நிதி இருக்கும்வரைதான். ஒரு மீனவர் கிராமம் நம்மை நம்பி, எங்கே எப்போது வலை போடுகிறோம் என்று மனம்விட்டுச் சொல்லவே பல மாதங்கள் ஆகும். மீனைத் தரம் பிரித்து விற்கும் பெண்களின் வருமானம் எந்தப் படகுக் கணக்கிலும் ஏறாததால், அதைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. என்னிடம் பயின்ற திறமைசாலிகள் சிலர் இதனாலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

கடல் ஆய்வு நிறுவனங்கள் சமூக அறிவியலாளர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். காப்புப் பகுதியின் எல்லையை வரையும் முதல் கூட்டத்திலேயே அவர்களுக்கு இடம் தர வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளோடு களத்தில் செலவிட்ட காலத்தையும், கண்டறிந்ததை அந்த மக்களின் மொழியில் அவர்களிடமே கொண்டுசேர்த்த பணியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கடல்சார் சமூகவியல் பேராசிரியர் ஒருவர்