சரிவின் அடியிலுள்ள சமதளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் வரும் நிலச்சரிவுச் செய்திகள் பெரும்பாலும் அதை எங்கிருந்தோ திடீரென வந்த விபத்தாகவே எழுதுகின்றன. வீடுகள் நின்ற நிலம் எப்படி உருவானது என்பதையும் அவை சொல்ல வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை நெடுங்காலமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகியிருக்கிறது. அம்மண் ஈரத்தில் உப்பியும் காய்ந்து சுருங்கியும் கண்ணுக்குப் புலப்படாமல் கீழ்நோக்கி ஊர்ந்து, சரிவின் குழிவான மடிப்புகளில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்கிறது. மழைநீர் வடிந்து சேருவதும் அங்கேதான். பெருமழை நீடிக்கும்போது மண்துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் கூடி, மண்ணைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைய, சேர்ந்திருந்த மண் பாறைகளோடும் மரங்களோடும் ஓடை வழியே இறங்கி, பள்ளத்தாக்கு அகலும் இடத்தில் வேகம் இழந்து படிகிறது. மடிப்பில் மீண்டும் மண் சேரத் தொடங்குகிறது. மலையடிவாரத்துச் சமதளங்கள் பலவும் இப்படி அடுக்கடுக்காகப் படிந்தவையே.

சமமான நிலமும் பக்கத்தில் ஓடையும் இருந்தால் குடியிருப்புக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பல அத்தகைய இடங்களில்தான் எழுந்தன. தமக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அத்தொழிலாளர்களுக்கு இருந்ததில்லை. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியிலும் புதைந்தவை லயங்களே. பெட்டிமுடியில் மட்டும் 70 பேர் மாண்டனர். ஈரிடத்தும் மாண்டவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண், சுமார் 8 கிலோமீட்டர் ஓடி முண்டக்கையையும் சூரல்மலையையும் சிதைத்தது. அதே இடத்தில் முன்பே சரிவு நிகழ்ந்த தடத்தை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை 1:50,000 அளவில், அதாவது நிலத்தின் 500 மீட்டர் ஒரு சென்டிமீட்டராகும்படி, தயாரித்துள்ளது. பயனுள்ள பணிதான், ஆனால் அதில் ஒரு லய வரிசைக்குக் கிடைக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர். எந்த மடிப்பில் மண் நிறைந்திருக்கிறது, எந்தச் சமதளம் பழைய சரிவின் படிவு என்பதை ஊர்வாரியாக, தோட்டவாரியாகக் குறித்து மக்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் வழங்க வேண்டும். மடிப்புகளின் வாயிலில் இருக்கும் லயங்களுக்கு மழைநாள் முகாம் போதாது. அக்குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில், அவர்கள் பெயரிலேயே பட்டாவுடன் வீடு தரவேண்டும் என்று தங்கள் இதழ் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கூடலூர், நீலகிரி.